மைக்ரோசர்வீஸ்களை ப்ரொடக்‌ஷனில் நிற்க வைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

"பணம் எடுத்துட்டாங்க, டிக்கெட் வரலை."

பேருந்து டிக்கெட் முன்பதிவு நிறுவனம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது, பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும். பேமென்ட் சர்வீஸின் லாகை, அதாவது நடந்ததைப் பதிந்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தால், பணம் வந்துவிட்டது, எல்லாம் சரி. சீட் சர்வீஸின் லாகைத் திறந்தால், பத்து நிமிடம் பிடித்து வைத்த இருக்கையை நேரம் முடிந்ததும் விடுவித்திருக்கிறது, அதுவும் சரிதான். இரண்டு சர்வீஸிலும் ஒரு வரிகூடத் தப்பு இல்லை. இரண்டுக்கும் நடுவே போன ஒரு அழைப்புக்கு முப்பது வினாடி பதில் வரவில்லை, அவ்வளவுதான். ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டி வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த முப்பது வினாடி பண்டிகையையே கெடுத்துவிடும்.

ஒரே பெரிய புரோகிராமைத் தனித்தனியாக ஓடும் சிறு சர்வீஸ்களாகப் பிரிப்பதுதான் மைக்ரோசர்வீஸ். அந்தப் பேச்சு வந்ததும் நாம் சர்வீஸ்களைப் பற்றியே பேசுகிறோம்: எத்தனை இருக்க வேண்டும், எந்த மொழியில் எழுதலாம், எவ்வளவு சிறியதாக வைக்கலாம். ப்ரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சூழலில்) தூக்கத்தைக் கெடுப்பது அவற்றுக்கு நடுவே இருக்கும் இணைப்புகள். அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே போகப் போகிறேன்: அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராவிட்டால் நாம் என்ன செய்வோம்?

படி 1: பிரிக்கத்தான் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

நெட்ஃப்ளிக்ஸ் பிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியவில்லை. ஒரே இடத்தில் எல்லாம் இருந்ததால் எல்லாமே நின்றது. அதற்குப் பிறகு கிளவுடுக்கு மாறி, சர்வீஸ்களாகப் பிரித்து, அந்த வேலையை முடித்தது 2016 ஜனவரியில். ஏழு வருடத்துக்கு மேல். இந்தக் கணக்கைச் சொல்லாமல் நெட்ஃப்ளிக்ஸை உதாரணம் காட்டுவது நியாயம் இல்லை.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. செக்மென்ட் நிறுவனம் வாடிக்கையாளர் தரவை அனுப்பும் ஒவ்வொரு வெளி இடத்துக்கும் ஒரு சர்வீஸ் என்று வைத்து, 140-க்கும் மேல் சேர்த்துவிட்டது. மூன்று பொறியாளர்கள் முழுநேரமும் அதைச் சாகாமல் வைத்திருப்பதிலேயே போனார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டோம் என்று 2018-இல் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தன் கருவியைத் துண்டு துண்டாக ஓடியதிலிருந்து ஒரே புரோகிராமாக மாற்றி, செலவை 90 சதவீதம் குறைத்தது. அது பிரைம் வீடியோ முழுவதும் அல்ல, ஒரு கருவி மட்டும்தான். இதைப் பலர் மாற்றிச் சொல்கிறார்கள்.

பிரிப்பதால் என்ன விலை என்பதை எளிய பெருக்கலில் பார்க்கலாம். 99.9 சதவீத நேரம் வேலை செய்யும் ஒரு சர்வீஸ் மாதத்துக்கு ஏறக்குறைய 43 நிமிடம் படுத்துக்கிடக்கலாம். அப்படிப்பட்ட பத்து சர்வீஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் சொன்னால்தான் ஒரு புக்கிங் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.999-ஐப் பத்து தடவை பெருக்கினால் 0.990 வரும். மாதத்துக்கு ஏழு மணி நேரம் போச்சு. பத்தும் தனித்தனியாக நன்றாகவே ஓடும், வாடிக்கையாளருக்கு மட்டும் மோசமாக இருக்கும்.

என் கருத்து இது. ஆறேழு பேர் கொண்ட ஒரே குழுவாக இருந்தால் பிரிக்காதீர்கள். ஒரே புரோகிராமுக்குள் சீட், கட்டணம், பேமென்ட் என்று மாட்யூல்களைக் கறாராகப் பிரித்து வைத்தால் போதும். இரண்டு அறிகுறிகள் தெரியும்போது யோசிக்கலாம்: ஒரு குழுவின் ரிலீஸ் இன்னொரு குழு முடிப்பதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பது, ஒரு பகுதிக்கு மட்டும் சுமை இருபது மடங்கு ஏறுவதால் முழுவதையும் இருபது மடங்கு ஓட்ட வேண்டியிருப்பது.

படி 2: வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நிறுவனத்தில் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அந்த வடிவத்தில்தான் அவர்கள் கட்டும் சிஸ்டமும் அமையும் என்று மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். நான் பார்த்தவரை இது தப்பியதே இல்லை. எந்தக் குழு எதற்குப் பொறுப்பு என்று முதலில் எழுதுங்கள், சர்வீஸ் எல்லைகளை அதற்குப் பிறகு வரையுங்கள். மாற்றிச் செய்தால் ஒரே சர்வீஸை மூன்று குழுக்கள் தொடும், அலாரம் அடிக்கும்போது யாரும் எடுக்க மாட்டார்கள்.

டேபிளுக்கு ஒரு சர்வீஸ் என்று வெட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இருக்கைக்கு ஒன்று, புக்கிங்குக்கு ஒன்று, பயணிக்கு ஒன்று என்று வெட்டினால், முன்பு ஒரு டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷனில் (முழுதாக நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது) முடிந்த வேலை நெட்வொர்க்கில் மூன்று அழைப்பாக மாறும். ஒரே நொடியில் சேர்ந்தே மாற வேண்டியவற்றைப் பிரிக்கக் கூடாது. இருக்கையைப் பிடிப்பதும் புக்கிங்கைப் பதிவதும் அப்படிப்பட்டவை, அதனால் ஒரே சர்வீஸில் இருக்கட்டும். கூப்பன், எஸ்எம்எஸ், தேடல், பேமென்ட் ஆகியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் அதன் டேட்டாபேஸ் சொந்தம். அடுத்த சர்வீஸின் டேபிளை நேரடியாகப் படிப்பது அன்றைக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆறு மாதம் கழித்து அந்தக் குழு டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றும்போது உங்கள் ரிப்போர்ட் உடையும். ரிப்போர்ட்டுக்குத் தரவு வேண்டுமென்றால் நிகழ்வுகளாக (எது மாறியது என்று அந்த சர்வீஸ் அனுப்பும் செய்திகளாக) வாங்கித் தனியே சேமித்துக்கொள்ளுங்கள்.

சரியாக வெட்டினோமா என்று பார்க்க, கடந்த மூன்று மாத ரிலீஸ்களை எடுங்கள். இரண்டு சர்வீஸ்கள் எப்போதும் ஜோடியாகவே டிப்ளாய் ஆகியிருந்தால் (புதிய வெர்ஷன் சர்வரில் ஏறியிருந்தால்) அவை ஒரே சர்வீஸ்தான், சேர்த்துவிடுங்கள். சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாம் ஒன்றாக இருக்கும் பழைய புரோகிராமிலிருந்து, அதாவது மோனோலித்திலிருந்து, முதலில் எதைப் பிரிப்பது என்று கேட்டால், எஸ்எம்எஸ், மின்னஞ்சல் போன்ற ஓரத்து வேலை ஒன்றை எடுங்கள். டிப்ளாய், லாக், அலாரம் எல்லாவற்றையும் ஆபத்து குறைவான இடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

படி 3: ஒவ்வொரு அழைப்புக்கும் கெடு வையுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்றதை அடுத்த வருடம் பார்த்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று சொல்லுமளவுக்கு இது முக்கியம்.

பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நீங்களாக டைம்அவுட் (காத்திருக்கும் கெடு) கொடுக்காவிட்டால் டைம்அவுட்டே கிடையாது. கோ மொழியின் இயல்பான ஹெச்டிடிபி கிளையன்டிலும் அதே கதைதான். அந்தப் பக்கம் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், இந்தப் பக்கம் காத்துக்கொண்டே இருக்கும்.

கூப்பன் சர்வீஸை எடுத்துக்கொள்வோம். உங்கள் புக்கிங் சர்வீஸில் 200 திரெட் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் வேலையாள்) ஓடுகிறது. ஒரு கோரிக்கைக்கு 50 மில்லிவினாடி ஆகிறது என்றால், ஒரு திரெட் வினாடிக்கு 20 கோரிக்கை முடிக்கும், மொத்தம் வினாடிக்கு 4,000. இப்போது கூப்பன் சர்வீஸ் தள்ளாடி, ஒவ்வொரு அழைப்புக்கும் 5 வினாடி எடுக்கிறது. 200 திரெட்டும் வரிசையாக அதில் போய் மாட்டிக்கொள்ளும். உங்கள் கொள்ளளவு வினாடிக்கு 40 ஆகிவிடும். 4,000-இலிருந்து 40. கூப்பனே போடாமல் டிக்கெட் எடுக்க வந்தவருக்கும் பக்கம் திறக்காது. முழுதாகச் செத்துப்போன சர்வீஸைவிட மெதுவாகிப் போன சர்வீஸ் அதிக ஆபத்து என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான்: செத்தது உடனே பிழையைத் திருப்பித் தரும், மெதுவானது உங்களையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்.

கெடு எவ்வளவு என்பதை ஊகித்து எழுத வேண்டாம். அந்த அழைப்பின் பி99-ஐப் பாருங்கள். அதாவது 100-இல் 99 அழைப்புகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்ற எண். அது 120 மில்லிவினாடி என்றால் 300 வைத்துப் பாருங்கள். 30 வினாடி என்று யாரோ எப்போதோ எழுதி வைத்ததை அப்படியே விடாதீர்கள்.

அப்புறம், கெடு சங்கிலியாகப் போக வேண்டும். வாடிக்கையாளருக்கு மூன்று வினாடிக்குள் பதில் சொல்வது இலக்கு என்றால், முதல் சர்வீஸ் ஒரு வினாடியைச் செலவழித்த பிறகு அடுத்ததற்கு "உனக்கு இரண்டு வினாடி இருக்கிறது" என்று சொல்லி அனுப்ப வேண்டும். சர்வீஸ்கள் ஒன்றை ஒன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி இதை டெட்லைன் என்ற பெயரில் தானாகவே வைத்திருக்கிறது. ஹெச்டிடிபியில் ஒரு ஹெடரில் (கோரிக்கையோடு போகும் குறிப்பில்) மீதி நேரத்தை நீங்கள் அனுப்பலாம். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும் நான்காவது சர்வீஸ் மும்முரமாக உழைத்துக்கொண்டிருக்கும்.

கெடு முடிந்தால் என்ன செய்வது என்பதைப் புரோகிராமர் தனியாக முடிவு செய்யக் கூடாது. பிசினஸ் ஆட்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு அழைப்புக்கும் எழுதுங்கள். கூப்பன் பதில் தரவில்லையா, கூப்பன் பெட்டியே இல்லாமல் பக்கத்தைக் காட்டு. கட்டணம் வரவில்லையா, ஐந்து நிமிடம் பழைய கட்டணத்தைக் காட்டு. பேமென்ட் பதில் தரவில்லையா, "தோல்வி" என்று ஒருபோதும் காட்டாதே, "உறுதிசெய்து கொண்டிருக்கிறோம்" என்று காட்டு. பதில் வராததற்கும் பணம் போகாததற்கும் சம்பந்தமே இல்லை.

இதோடு இரண்டு பாதுகாப்புகள். ஒவ்வொரு வெளி அழைப்புக்கும் தனி இணைப்புத் தொகுதி கொடுத்தால், கூப்பனுக்கு ஒதுக்கிய 20 திரெட் மாட்டிக்கொண்டாலும் மீதி 180 பிழைக்கும். அடுத்தது சர்க்கியூட் பிரேக்கர்: தொடர்ந்து தோற்கும் அழைப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, அவ்வப்போது ஒன்றை மட்டும் அனுப்பிப் பார்ப்பது. ஜாவாவில் ரெசிலியன்ஸ்4ஜே, சர்வீஸ்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் இஸ்டியோ போன்றவை இதைத் தருகின்றன. நெட்ஃப்ளிக்ஸின் ஹிஸ்ட்ரிக்ஸில் 2018-இலிருந்து புதிய வளர்ச்சி இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

படி 4: ரீட்ரையை அடக்கி வையுங்கள்

ஏ, பி, சி, டி என்று நான்கு சர்வீஸ்கள் வரிசையாக ஒன்றை ஒன்று அழைக்கின்றன. முதல் மூன்றும் அழைப்பு தோற்றால் ரீட்ரை செய்து, மொத்தம் மூன்று தடவை முயற்சி செய்யும்படி நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. டி தடுமாறும்போது, வாடிக்கையாளரின் ஒரே ஒரு சொடுக்குக்கு அதன்மேல் 3 × 3 × 3, அதாவது 27 அழைப்புகள் விழும். ஏற்கெனவே மூச்சு வாங்குபவரின் முதுகில் 27 மூட்டை. டி எழுந்தாலும் அந்தச் சுமையே அதை மறுபடி சாய்க்கும்.

அதனால் சங்கிலியில் ஒரே ஓர் அடுக்கு மட்டும் ரீட்ரை செய்யட்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகட்டும். அந்த நேரத்தில் கொஞ்சம் தற்செயல் கலக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்றாகத் தோற்ற ஆயிரம் பேரும் சரியாக இரண்டு வினாடி கழித்து ஒன்றாகவே திரும்பி வருவார்கள். மொத்தக் கோரிக்கையில் 10 சதவீதத்துக்கு மேல் ரீட்ரையாக இருந்தால் ரீட்ரையையே நிறுத்தும்படி ஒரு வரம்பு வையுங்கள். தவறான கோரிக்கை, இல்லாத பக்கம் என்று சொல்லும் 400, 404 போன்ற பிழைகளைத் திரும்ப அனுப்பிப் பயன் இல்லை. அவை பத்தாவது தடவையும் அப்படியேதான் வரும்.

பணம் சம்பந்தப்பட்ட அழைப்பை ரீட்ரை செய்யும் முன், ஒரே கோரிக்கை இரண்டு தடவை வந்தாலும் ஒரு தடவைதான் பணம் பிடிக்கப்படும் என்ற உறுதி வேண்டும். வழி எளிது. கோரிக்கையோடு ஒரு தனித்துவச் சாவியை அனுப்புங்கள். வாங்கும் பக்கம் அந்தச் சாவியை யூனிக் கட்டுப்பாடு உள்ள (ஒரே மதிப்பை இரண்டு தடவை ஏற்காத) டேபிளில் முதலில் எழுதும். ஏற்கெனவே இருந்தால், முன்பு கொடுத்த பதிலையே எடுத்துத் திருப்பித் தரும். அதே சாவி, ஆனால் தொகை வேறு என்றால் மறுத்துவிடும்.

இதில் நாங்கள் ஒரு தடவை சறுக்கினோம். சாவியை உருவாக்கும் வரி, ரீட்ரை சுற்றுக்கு உள்ளே இருந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுச் சாவி, ஒவ்வொரு சாவிக்கும் புதுப் பணம். டெஸ்ட்டில் எல்லாம் பச்சை, ஏனென்றால் டெஸ்ட்டில் முதல் முயற்சியே வெற்றி பெற்றுவிடும். சாவி பிறக்க வேண்டிய இடம் வாடிக்கையாளர் பணம் கட்டும் பக்கத்தைத் திறக்கும் தருணம். அங்கேயிருந்து கடைசி சர்வீஸ் வரை அதே சாவி போக வேண்டும்.

படி 5: பல டேட்டாபேஸ்களில் நடக்கும் ஒரு வேலையைக் கட்டிக் காப்பது

டிரான்சாக்‌ஷன் ஒரு டேட்டாபேஸுக்குள் மட்டும்தான். வெளியே வந்துவிட்டால், வேலையைச் சிறு சிறு படிகளாக வைத்து, நடுவில் ஏதாவது தோற்றால் முந்தைய படிகளை ஈடுசெய்யும் செயல்களை ஓட்ட வேண்டும். இதற்கு சாகா என்று பெயர். 1987-இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் நீண்ட நேரம் ஓடும் டிரான்சாக்‌ஷன்களுக்காக எழுதிய யோசனை இது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: ஒரு புக்கிங் எந்தெந்த நிலைகளில் இருக்கலாம் என்று ஒரு வெள்ளைப் பலகையில் வரையுங்கள். "இருக்கை பிடிக்கப்பட்டது", "பணத்துக்குக் காத்திருக்கிறது", "உறுதி", "விடுவிக்கப்பட்டது", "பணம் திருப்பித் தர வேண்டும்". ஒவ்வொரு நிலையிலிருந்தும் எங்கே போகலாம் என்று அம்புக்குறி போடுங்கள். பிறகு மோசமான வரிசைகளைக் கேளுங்கள். இருக்கையைப் பிடித்த பத்து நிமிடம் முடிந்து, பதினோராவது நிமிடத்தில் "பணம் வந்துவிட்டது" என்ற செய்தி வந்தால்? எங்கள் படத்தில் அந்த அம்புக்குறியே இல்லை. அந்தச் செய்தி லாகில் ஓர் எச்சரிக்கையாக விழுந்து அமைதியாக மறைந்தது. ஆரம்பத்தில் சொன்ன அந்த அழைப்புகள் எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. பிறகு சேர்த்த விதி இவ்வளவுதான்: அதே இருக்கை இன்னும் காலியாக இருந்தால் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் "பணம் திருப்பித் தர வேண்டும்" நிலைக்குப் போய் உடனே எஸ்எம்எஸ் அனுப்பு.

இன்னொரு பொறி உண்டு. புக்கிங்கை டேட்டாபேஸில் எழுதுகிறீர்கள், பிறகு சர்வீஸ்களுக்கு நடுவே செய்திகளைக் கொண்டுபோகும் காஃப்காவுக்கு ஒரு நிகழ்வு அனுப்புகிறீர்கள். இரண்டுக்கும் நடுவே பாட் (குபர்னெட்டீஸில் ஓடும் சர்வீஸின் ஒரு பிரதி) செத்தால்? புக்கிங் இருக்கும், யாருக்கும் தெரியாது. வரிசையை மாற்றினால், இல்லாத புக்கிங்குக்கு எஸ்எம்எஸ் போகும். அவுட்பாக்ஸ் முறை இதைத் தீர்க்கிறது: நிகழ்வையும் அதே டேட்டாபேஸில் ஒரு டேபிளில், அதே டிரான்சாக்‌ஷனில் எழுதிவிடுங்கள். வேறொரு வேலையாள் அந்த டேபிளைப் படித்து காஃப்காவுக்கு அனுப்பட்டும். டெபீசியம் போன்ற கருவி டேட்டாபேஸின் லாகிலிருந்தே எடுத்து அனுப்பும். இந்த முறையில் ஒரு நிகழ்வு சில சமயம் இரண்டு தடவை போகும். அதனால் வாங்கும் பக்கம் நிகழ்வின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பார்த்ததைத் தள்ள வேண்டும். ஒரு புக்கிங்கின் நிகழ்வுகள் வரிசை மாறாமல் வர, புக்கிங் எண்ணையே பார்ட்டிஷன் சாவியாக (எந்த வரிசையில் போக வேண்டும் என்று காஃப்காவுக்குச் சொல்லும் சாவியாக) வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒத்துப்பார்க்கும் ஜாப் ஒன்று வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, பேமென்ட் கேட்வே சொல்லும் வெற்றிப் பட்டியலையும் நம் உறுதியான புக்கிங்குகளையும் பக்கத்தில் வைத்து, பொருந்தாததை எடுத்துச் சரிசெய்யும் ஜாப். மளிகைக் கடைக்காரர் ராத்திரி கல்லாவை எண்ணி நோட்டோடு ஒப்பிடுவது போல. அழகான டிசைன் போட்டவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் பணம் எடுத்துட்டாங்க என்ற அழைப்புகளை எங்களுக்கு உண்மையில் குறைத்துக் கொடுத்தது இந்த ஜாப்தான்.

படி 6: என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்

வாசலில் நுழையும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு டிரேஸ் எண் கொடுத்து, அது தொடும் எல்லா சர்வீஸிலும் எல்லா லாக் வரியிலும் அந்த எண் இருக்கும்படி செய்யுங்கள். கோரிக்கைகளின் தடத்தை இப்படிப் பின்தொடரும் தன் டாப்பர் சிஸ்டம் பற்றி கூகுள் 2010-இல் எழுதியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்தது. இன்று இதற்கான ஓபன்டெலிமெட்ரி என்ற கருவித்தொகுப்பு எல்லா முக்கிய மொழிகளுக்கும் கிடைக்கிறது. அதைவிட்டுச் சொந்தமாக எழுதாதீர்கள். பலர் மறக்கும் ஓர் இடம்: கியூவில் போடும் செய்தியின் ஹெடரிலும் டிரேஸ் எண் போக வேண்டும். இல்லாவிட்டால் தடம் சரியாகக் கியூவின் வாசலில் அறுந்துவிடும், நீங்கள் தேடுவதும் பெரும்பாலும் அதற்கு அந்தப் பக்கம்தான் இருக்கும்.

சராசரி நேரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு சர்வீஸில் நூற்றில் ஒரு அழைப்பு மெதுவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், கேட்கச் சின்ன விஷயம். ஒரு பக்கத்தைக் காட்ட அப்படிப்பட்ட பத்து அழைப்புகள் வேண்டுமென்றால், பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் பக்கம் மெதுவாக வரும். நூறு அழைப்புகள் என்றால் 63 சதவீதம் பேருக்கு.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் நான்கு எண்கள் போதும்: எவ்வளவு கோரிக்கை, எவ்வளவு நேரம், எவ்வளவு பிழை, கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது. அலாரத்தை மட்டும் வாடிக்கையாளர் உணரும் இடத்தில் வையுங்கள். "சிபியு 80 சதவீதம்" என்று இரவு 2 மணிக்கு ஒருவரை எழுப்பாதீர்கள். "கடந்த ஐந்து நிமிடத்தில் உறுதியான புக்கிங்குகள் வழக்கத்தில் பாதி" என்றால் எழுப்புங்கள்.

படி 7: டிப்ளாய் செய்யும் அந்த இரண்டு நிமிடம்

குபர்னெட்டீஸா, வேறொன்றா என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். உங்கள் குழுவில் யாருக்கு எது கைவந்ததோ அது. கீழே சொல்பவை குபர்னெட்டீஸில் நான் பட்டவை.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் சோதனையில் டேட்டாபேஸைத் தொடாதீர்கள். டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானால் எல்லா பாட்களும் சோதனையில் தோற்று, எல்லாம் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆகி, ஒன்றாகவே டேட்டாபேஸின்மேல் போய் விழும். ஒரு பாட் நிறுத்தப்படும்போது அதற்கு சிக்டெர்ம் (நிறுத்தச் சொல்லும் செய்தி) வரும், இயல்பாக 30 வினாடி அவகாசம். அந்தச் சமயத்தில் புதுக் கோரிக்கைகள் இன்னும் சில வினாடி வந்துகொண்டே இருக்கலாம். அதனால் நிறுத்துவதற்கு முன் ஐந்து வினாடி சும்மா இருக்கவிட்டு, கையில் உள்ளதை முடித்துவிட்டு வெளியேறுங்கள். ஜிஆர்பிசி வைத்திருந்தால் இன்னொன்று: அது ஒரே இணைப்பை நீண்ட நேரம் வைத்திருக்கும், குபர்னெட்டீஸ் சர்வீஸ் சுமையைப் பிரிப்பது இணைப்பு அளவில். பத்து பாட் இருந்தும் ஒன்றே எல்லாச் சுமையையும் தாங்கிக்கொண்டிருக்கும்.

எங்களைப் பல நாள் அலைக்கழித்த ஒன்றை விரிவாகச் சொல்கிறேன். நாள் முழுவதும் சர்வீஸ் நன்றாக ஓடும். டிப்ளாய் செய்யும்போது மட்டும் இரண்டு நிமிடம் 500 என்ற எண்ணுள்ள சர்வர் பிழைகள் கொட்டும், பிறகு தானாகச் சரியாகிவிடும். புதுக் கோடில் (புரோகிராம் வரிகளில்) தப்பு எதுவும் இல்லை, பழைய கோடையே திரும்ப டிப்ளாய் செய்தாலும் அதேதான். கடைசியில் ஒரு தாளில் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. 8 பாட், ஒவ்வொன்றிலும் டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும் ஹிகாரி தொகுதியின் இயல்பான 10 இணைப்பு. மொத்தம் 80. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பான வரம்பு 100, அதில் 3 நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை, மீதி 97. ஆக 80 தாராளம். ஆனால் டிப்ளாயின்போது குபர்னெட்டீஸ் இயல்பாக 25 சதவீதம் கூடுதல் பாட் எழுப்பும், அதாவது 2. இப்போது 100. மூடிக்கொண்டிருக்கும் பழைய பாடுகளும் தங்கள் இணைப்புகளை அந்த 30 வினாடி வரை விடவில்லை. 120 பக்கம் போனது. புதிய பாடுகளில் சிலவற்றுக்கு ஒரு இணைப்புகூடக் கிடைக்கவில்லை. தொகுதியை 5-ஆகக் குறைத்தோம், பிரச்சினை தீர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சர்வீஸுக்கும் "டிப்ளாயின் உச்சத்தில் எத்தனை பாட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை இணைப்பு" என்ற பெருக்கலை எழுதி வைக்கிறோம்.

டேட்டாபேஸ் மாற்றத்தை ஒரே தாவலில் செய்யாதீர்கள், டிப்ளாயின்போது பழைய கோடும் புதிய கோடும் ஒரே நேரத்தில் ஓடும். ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்ற: முதலில் புதிய நெடுவரிசையைச் சேர், இரண்டிலும் எழுது, பழைய தரவை நகர்த்து, புதியதிலிருந்து படி, ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பழையதை நீக்கு. மற்ற சர்வீஸ்கள் உங்களை அழைக்கும் வாசலான ஏபிஐக்கும் இதே ஒழுங்குதான். சேர்க்கலாம். நீக்குவதற்கு முன், யாரும் பயன்படுத்தவில்லை என்பதை லாகில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

புதிய வெர்ஷன் எல்லா இடத்திலும் போய்ச் சேர்ந்ததா என்பதையும் கருவியே சரிபார்க்கட்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் நிறுவனம் எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய கோடைப் போட விட்டுவிட்டது. பழைய கோடுக்கான ஒரு கொடியை (எந்தக் கோடு ஓட வேண்டும் என்று சொல்லும் குறியை) வேறு வேலைக்கு மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஒரு சர்வரில் பல வருடம் தூங்கிய கோடு விழித்துக்கொண்டு பங்குகளை வாங்கித் தள்ளியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். பயன்படாத கோடை நீக்குங்கள், பழைய கொடியின் பெயரைத் திரும்ப எடுக்காதீர்கள்.

படி 8: ஆட்களும் ஒத்திகையும்

"நீ கட்டினாய், நீயே ஓட்டு" என்று அமேசானின் வெர்னர் வோகல்ஸ் 2006-இல் ஒரு பேட்டியில் சொன்னார். எழுதியவர்களே ஆன்-கால் (அலாரம் அடித்தால் எழுந்து பார்க்கும் பொறுப்பு) எடுத்தால் டைம்அவுட் தானாக வந்து சேரும். ஆனால் அதற்கு நிறுவனமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். இரவில் எழுந்தவருக்கு மறுநாள் காலை ஓய்வு, அலாரத்தின் காரணத்தைச் சரிசெய்ய அந்த வாரமே நேரம். இந்த இரண்டும் இல்லாமல் ஆன்-கால் வைப்பது ஆட்களைத் தேய்க்கும், நல்லவர்கள்தான் முதலில் போவார்கள்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள்: யார் பொறுப்பு, யாரை அழைக்கிறது, யார் அழைக்கிறார்கள், நின்றுபோனால் வாடிக்கையாளருக்கு என்ன தெரியும், ரோல்பேக் செய்ய (பழைய வெர்ஷனுக்குத் திரும்ப) எந்தக் கட்டளை. தூக்கக் கலக்கத்தில் படித்தாலும் புரிய வேண்டும்.

பிறகு ஒத்திகை. நெட்ஃப்ளிக்ஸின் கேயாஸ் மங்கி சர்வர்களைத் தற்செயலாகக் கொல்லும், ஆனால் அலுவலக நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாதத்துக்கு ஒரு நாள், சுமை குறைந்த பிற்பகலில், சொல்லிவிட்டு ஒரு சர்வீஸைக் கையால் நிறுத்திப் பாருங்கள். முதல் தடவை ஸ்டேஜிங்கில் (வாடிக்கையாளர்கள் இல்லாத சோதனைச் சூழலில்) செய்தாலும் சரி.

எங்கள் முதல் ஒத்திகையில் கூப்பன் சர்வீஸை நிறுத்தினோம். பக்கம் கூப்பன் பெட்டி இல்லாமல் வந்தது, புக்கிங் நடந்தது. அடுத்து எஸ்எம்எஸ் சர்வீஸ். அது நின்றாலும் டிக்கெட் மின்னஞ்சலில் போகும், பரவாயில்லை என்று குறிப்பில் எழுதியிருந்தோம். நிறுத்திய சில நிமிடத்தில் ஒரு புக்கிங்கும் இல்லை. உள்ளே நுழையும் ஓடிபியும் அதே சர்வீஸ் வழியாகத்தான் போகிறது என்பது அந்த அறையில் இருந்த யாருக்கும் நினைவில் இல்லை. இன்னும் கொஞ்சம் தோண்டியபோது, பண்டிகைச் சலுகை எஸ்எம்எஸ்களும் ஓடிபியும் ஒரே கியூவில் நின்றுகொண்டிருந்தன. சலுகைச் செய்திகள் லட்சக்கணக்கில் போகும் நாட்களில் ஓடிபி தாமதமாக வருகிறது என்று வந்த புகார்களை, அதுவரை மொபைல் நெட்வொர்க்கின் தலையில் போட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் ஓடிபிக்குத் தனிக் கியூவும் இரண்டாவது எஸ்எம்எஸ் கேட்வேயும் வந்தன. அதற்கடுத்த மாத ஒத்திகையில் முதலில் நிறுத்தியது எஸ்எம்எஸ் சர்வீஸைத்தான். இரண்டாவது கேட்வே வழியாக என் ஃபோனுக்கு ஓடிபி நான்கு வினாடியில் வந்தது.